அணைத்த பிறகும் ஓடுகிற பம்ப்

கேஸ்கெட்டாருக்கு அலுத்துப்போய் வெகு காலம் ஆகிறது. அலுப்பு சிலருக்கு முகத்தில் தெரியும், சிலருக்கு நடையில் தெரியும். இவருக்கு ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தத்தில் தெரியும். முன்பெல்லாம் மேசைமேல் பதமாக வைப்பார். இப்போது போட்டுவிடுகிறார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது பட்டறைப் பலகையில் இருக்கிறது, அதோடு சரி. எஞ்சினின் உடம்புக்கும் தலைக்கும், அதாவது ஹெட்டுக்கும், நடுவே ஒரு மெல்லிய தகடு இருக்கும். தண்ணீரும் எண்ணெயும் நெருப்பும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காவல் காப்பது அதன் வேலை. அதைத்தான் கேஸ்கெட் என்பார்கள். ஒரே காருக்கு, அதுவும் பெற்ற மகனின் காருக்கு, அதைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருந்ததால் தெருவிலிருந்த மற்ற மெக்கானிக்குகள் கூடி வைத்த பெயர் இது. வயதுக்கு மரியாதையாக 'ஆர்' சேர்த்துக்கொண்டார்கள். கிண்டல் செய்தாலும் மரியாதையாகத்தானே செய்ய வேண்டும்.

கார் வெள்ளை நிறம், இரண்டு கதவு, பழசு. மகன் கல்லூரியில் படிக்கும்போது எங்கேயோ புதர் மண்டிக் கிடந்ததைக் கட்டி இழுத்து வந்தான். கேஸ்கெட்டார் எஞ்சினைப் பிரித்துப் பிஸ்டன்களை மாற்றினார், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதுகிற டர்போவை வைத்தார், மூச்சுவிடத் தடையில்லாமல் புகைக்குழாயை அகலப்படுத்தினார். கார் பந்தயத்துக்குத் தயாரானது. மகனுக்குக் கல்யாணம் ஆவதற்கு வெகு முன்பே அது வீட்டுக்கு வந்துவிட்டதால் அவர் மனைவி அதை மூத்த மருமகள் என்றுதான் சொல்வாள். "மூத்தவளுக்கு மறுபடியும் காய்ச்சலா?" என்று சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்பாள். காய்ச்சல்தான். அந்தக் காருக்கு வந்த வியாதியெல்லாம் காய்ச்சல் ஒன்றுதான்.

வியாதிக்குக் காரணம் கார் இல்லை, ஓட்டுகிறவன். பந்தயத்தை முடித்துக்கொண்டு உள்ளே வருவான். வந்து நின்றதும் அணைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நேரம் எழுதியிருக்கும் பலகையைப் பார்க்க ஓடிவிடுவான். எஞ்சினை நிறுத்தினால் ஆறிவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. எஞ்சின் ஓடும்வரை பெல்ட் சுற்றும், பெல்ட்டோடு தண்ணீர் பம்ப் சுற்றும், தண்ணீர் எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் போய்வந்து சூட்டைச் சுமந்துகொண்டே இருக்கும். எஞ்சின் நின்றால் பெல்ட் நிற்கும், பம்ப் நிற்கும், தண்ணீரும் நின்ற இடத்தில் நிற்கும். நெருப்பாய்ச் சிவந்த டர்போவையும் ஹெட்டையும் சுற்றித் தேங்கி நிற்கிற தண்ணீர் வேறென்ன செய்யும்? கொதிக்கும். ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். இவர் மறுபடியும் கையை மடித்துவிட்டுக்கொள்ள வேண்டும்.

"வந்த உடனே அணைக்காதடா. ரெண்டு நிமிஷம் சும்மா ஓட விட்டு ஆற வை" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். செவிடன் காதில் ஊதிய சங்கு. இந்த ஒரு விஷயத்தில் மட்டுமா? மோட்டார் படி என்றார், வணிகம் படித்தான். பட்டறைக்கு வா என்றார், காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய் நசுங்கிய கார்களுக்கு மதிப்புப் போடுகிறான். சொந்தத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார், அவன் லிஃப்ட் பழுது பார்க்கிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். "என் பேச்ச ஒண்ணே ஒண்ணு, ஒரே ஒரு தடவை கேட்டிருக்கானா இவன்?" என்பது கேஸ்கெட்டார் தினமும் ஓதுகிற பாடம். கேட்டுக் கேட்டு அந்தத் தெருவுக்கே மனப்பாடம்.

அந்த லிஃப்ட்காரப் பெண்தான் இப்போது இளைய மருமகள். கல்யாணமான புதிதில் மாமனாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்தால் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிப் போவார்கள். ஒரு நாள் அவர் காரின் வயரிங்குக்குள் தலையை விட்டுக்கொண்டு பத்து தலைமுறையையும் திட்டிக்கொண்டிருந்தபோது, மாடியிலிருந்து இறங்கி வந்தவள் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ரிலே ஒட்டிக்கிச்சு மாமா, தட்டிப் பாருங்க" என்றாள். தட்டினார். ஹெட்லைட் எரிந்தது. அன்றிலிருந்து எஞ்சின் அவருடையது, மின்சாரம் அவளுடையது. வேண்டாம் என்று அவர் ஒற்றைக்காலில் நின்ற அந்த மருமகளோடுதான் மகனைவிட அதிகமாகப் பேசினார். இதை அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

சென்ற முறை ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்துச் சீவி வாங்கி, மறுபடி ஏற்றி முடித்த அன்று கேஸ்கெட்டாருக்கு விரல்கள் மடங்கவில்லை. தண்ணீர்ச் சொம்பைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தார். மகனை நிற்கவைத்துச் சொன்னார்.

"இதுதான் கடைசி எஞ்சின். இதையும் வேக வெச்சேன்னு வை, வண்டியக் காயலான் கடைக்குத் தள்ளிடு. எங்கிட்டக் கொண்டாந்து நிறுத்தாதே. என் கையில இனி வலு இல்ல."

"சரிப்பா" என்றான் அவன்.

சொல்லிவிட்டாரே தவிர, அன்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் மகன் அவரிடம் பேசுவதெல்லாம் இந்தக் காரைப் பற்றித்தான். எண்ணெய் மாற்றணுமாப்பா, அந்தச் சத்தம் எங்கேயிருந்துப்பா, அடுத்த பந்தயத்துக்குள்ள ஆகிடுமாப்பா. மகன் குடியிருக்கிற மாடிக்கும் கீழே பட்டறைக்கும் நடுவே போக்குவரத்து என்று இருந்தது அது ஒன்றுதான். கார் போய்விட்டால் அவன் எதைச் சாக்கிட்டுக் கீழே இறங்கி வருவான்? வேலை வேண்டாம் என்றிருந்தது அவருக்கு. மகன் வேண்டாம் என்று இல்லை. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்கிற ஸ்பேனர் அவர் பட்டறையில் இல்லை.

வழி சொன்னது மருமகள்தான். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் பையைக் கூடக் கழற்றாமல் பட்டறை வாசலில் நின்றாள். பகலெல்லாம் லிஃப்ட் குழிகளில் ஏறி இறங்கியதில் முழங்காலில் எல்லாம் கிரீஸ்.

"மாமா, எங்க லிஃப்ட்ல மோட்டார் நின்னதுக்கப்புறமும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடும். சூடு அடங்கினதும் அதுவே நின்னுக்கும். நம்ம வண்டிக்கும் அந்த மாதிரி கரண்ட்ல ஓடற பம்ப் வெச்சா என்ன?"

கேஸ்கெட்டார் கேள்விப்பட்டிருக்கிறார். பந்தய வண்டிகளில் வைக்கிறார்கள்தான்.

"வெச்சா?"

"அவர் எப்ப வேணா அணைச்சுட்டு எங்க வேணா போகட்டும். பம்ப் பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும். அவர் மாறப் போறதில்ல மாமா. நாம வண்டிய மாத்திடுவோம்."

அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பேச்சில் ஒரு அலுப்பு இருந்தது. அது தனக்கு மட்டும் சொந்தமானது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாரே என்று அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "சரிம்மா, வெச்சுடுவோம்" என்றார்.

பம்ப் வந்தது. கைக்கு அடக்கமாக, கறுப்பாக, ஒரு பக்கம் தண்ணீர் நுழைய வாய், இன்னொரு பக்கம் வெளியேற வாய். கேஸ்கெட்டார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் இரும்பும் பெல்ட்டுமாகச் செய்த வேலையை இந்தப் பிளாஸ்டிக் டப்பா செய்யுமாம்.

பழைய பம்பைக் கழற்றுவதுதான் முதல் வேலை. அதன் போல்ட்டுகளில் ஒன்று துருப்பிடித்து, வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. எண்ணெய் ஊற்றி, தட்டி, சூடு காட்டி, கெஞ்சி, கடைசியில் திட்டியபோது வந்தது. பம்பின் கூட்டை அவர் எறிந்துவிடவில்லை. தண்ணீர் அதன் வழியாகத்தானே எஞ்சினுக்குள் போயாக வேண்டும். உள்ளேயிருந்த சுழலும் இறக்கையை மட்டும் பிடுங்கிவிட்டு, அச்சு இருந்த ஓட்டையைத் தகடு வைத்து அடைத்து, கூட்டை வெறும் வழியாக ஆக்கித் திரும்ப மாட்டினார். பம்பைச் சுற்றாததால் பெல்ட் நீளம் மிஞ்சியது. பேட்டரியைச் சார்ஜ் செய்கிற டைனமோவுக்கு மட்டும் போதுமான சின்ன பெல்ட்டாகத் தேடிப் போட்டார். தண்ணீர் சூடாகும்வரை கதவை அடைத்து வைத்திருக்கும் தெர்மோஸ்டாட்டையும் எடுத்துவிட்டார். அந்த வேலையை இனி பம்போடு வந்த கண்ட்ரோல் பெட்டி, சூட்டுக்கு ஏற்றபடி பம்பை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும்.

புதுப் பம்புக்கு இடம் பார்ப்பதில் ஒரு நாள் சாயங்காலம் முழுதும் போனது. தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கிற தாழ்ந்த இடமாக இருக்க வேண்டும், காற்று தேங்கினால் பம்ப் வறண்டு சுற்றிச் செத்துவிடும். ரேடியேட்டரின் கீழ் ரப்பர் குழாயை, அதாவது ஹோஸை, வெட்டி நடுவில் வைத்தார். பம்பின் முதுகில் ஓர் அம்புக்குறி, தண்ணீர் போகிற திசைக்கு. அது எஞ்சினைப் பார்த்திருக்கிறதா என்று மூன்று தடவை குனிந்து பார்த்தார். மூன்றாவது தடவை நிமிர முடியவில்லை. மருமகள் வந்து கையைப் பிடித்துத் தூக்கினாள்.

அவள் வேலை வேறு மாதிரி. பேச்சே இருக்காது. சூட்டை அளக்கிற சென்சாரை ஹெட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில் திருகினாள். கண்ட்ரோல் பெட்டியை டேஷ்போர்டுக்குக் கீழே, காலில் படாத இடத்தில் வைத்தாள். வயர்களை வகிடு எடுத்த மாதிரி வரிசையாக இழுத்துக் கட்டினாள். பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பம்புக்குக் கரண்ட் எங்கேருந்து எடுக்கட்டும்? நேரா பேட்டரியிலேருந்தா, செவப்பு சுவிட்ச்சுக்கு அந்தப் பக்கத்திலேருந்தா?"

"சுவிட்ச்சுக்கு அந்தப் பக்கத்திலேருந்து. அதுக்கு அடங்காத ஒரு வயர்கூட இந்த வண்டியில இருக்கக் கூடாது" என்றார் கேஸ்கெட்டார்.

அது பந்தய விதியும்கூட. ஓட்டுகிறவன் கைக்கு எட்டும் தூரத்தில் சிவப்பாக ஒரு மெயின் சுவிட்ச் இருக்க வேண்டும், அதைத் திருப்பினால் காரில் உள்ள அத்தனை மின்சாரமும் செத்துவிட வேண்டும். ஆனால் அவருக்கு விதியைவிட வலுவான சாட்சி ஒன்று இருந்தது. அவருடைய இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் சுருங்கி, வழவழவென்று, முடியே முளைக்காமல் இருக்கும். அந்தக் காலத்தில் இந்தக் காரில் சுவிட்ச் கிடையாது. ஒரு நாள் மகன் வண்டியை நிறுத்தி இறங்கிப் போனபின் ஒரு வயர் உரசி உரசித் தீப்பிடித்துக்கொண்டது. இவர் கையை விட்டுப் பேட்டரி வயரைப் பிடுங்கினார். கார் பிழைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் செய்த முதல் வேலை இந்தச் சிவப்புச் சுவிட்சை வைத்ததுதான்.

மருமகள் தலையாட்டிவிட்டுச் சுவிட்சுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே எடுத்தாள்.

தண்ணீர் ஊற்றி, காரின் மூக்கை உயர்த்தி நிறுத்தி, ஹோஸ்களைப் பிசைந்து பிசைந்து காற்றை வெளியேற்றினார்கள். மூடியைத் திறந்து வைத்த ரேடியேட்டரில் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. பிறகு கேஸ்கெட்டார் எஞ்சினைக் கிளப்பி, நன்றாகச் சூடேற்றி, சாவியைத் திருப்பி அணைத்தார். எஞ்சின் நின்றது. பம்ப் நிற்கவில்லை. தாழ்ந்த குரலில் உம்ம்ம் என்று ஓடிக்கொண்டே இருந்தது. ரேடியேட்டரின் விசிறியும் கூடவே ஓடியது. சூட்டைக் காட்டுகிற மீட்டரின் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

அவர் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். மருமகள் டயர்மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். யாரும் எதையும் பிடிக்கவோ இறுக்கவோ வேண்டியிருக்கவில்லை. தாங்கள் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருக்க, வேலை தானாக நடக்கிறது என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்ன, மாமனாரும் மருமகளும் மூத்தவ குறட்டை விடறதக் கேட்டுக்கிட்டு இருக்கீங்களா? சாப்பிட வாங்க."

மகனைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். மருமகள் விளக்கினாள். "இனிமே நீங்க சாவியத் திருப்பிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம். அது ஓடி, ஆறினதும் நின்னுக்கும்." அவன் ஒரு கண்ணைப் பம்ப் மேலும் ஒரு கண்ணைச் செல்போன் மேலும் வைத்திருந்தான். "நல்லாருக்குப்பா" என்றான். கேஸ்கெட்டாருக்கு அது போதுமாக இருந்தது. நிறையவே போதுமாக இருந்தது என்று சொல்ல வேண்டும், அன்று ஒரு தடவைகூட அவர் பாடம் ஓதவில்லை.

பந்தயத்தன்று காலையில் சோதனைக்காரர் வந்தார். சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார். எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சிவப்புச் சுவிட்சைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. விசிறி நின்றது. பம்பும் நின்றது. கார் மொத்தமும் கப்சிப்.

"சுத்தமா இருக்கு" என்று சோதனைக்காரர் கண்ணாடியில் ஒட்டுச்சீட்டை ஒட்டினார்.

கேஸ்கெட்டார் மருமகளைப் பெருமையோடு பார்த்தார். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் கண்ணாலேயே பார்த்தார்கள், காதாலேயே கேட்டார்கள், புத்திக்கு மட்டும் எட்டவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிச் சமாதானம் ஆகலாம். ஆனால் இங்கே இரண்டு யானைகள் ஒன்றாகச் சறுக்கின.

மகன் நன்றாக ஓட்டினான். தடத்தின் ஓரத்தில் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற கேஸ்கெட்டாருக்கு எஞ்சின் சத்தத்தைக் கேட்டாலே தெரியும். எங்கேயும் இடறவில்லை, எங்கேயும் மூச்சுத் திணறவில்லை. கடைசிச் சுற்று முடிந்து கார் நிறுத்துமிடத்துக்குள் வந்தது. மகன் இறங்கினான், வழக்கம்போல ஹெல்மெட்டை இடுக்கினான், வழக்கம்போலப் பலகையைப் பார்க்க ஓடினான். இவருக்குக் கோபம் வரவில்லை. ஓடுடா மகனே ஓடு, பம்ப் இருக்கிறது. பக்கத்துக் காரின் ஆட்களோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெதுவாகத்தான் நடந்தார். அந்த உம்ம்ம் சத்தத்தைக் கேட்கிற ஆசையில் பானெட்டைத் திறந்தார்.

சத்தம் இல்லை. சுற்றிலும் மற்ற கார்களின் இரைச்சல், அதனால் கேட்கவில்லையோ என்று மேல் ஹோஸில் கையை வைத்தவர் சுரீரென்று எடுத்துக்கொண்டார். ஹோஸ் கல்லுமாதிரி இறுகியிருந்தது. மிச்சத் தண்ணீருக்கான டப்பாவுக்குள் கொதி வந்து மூடி துள்ளியது, ஓரத்திலிருந்து ஆவி சீறியது.

"ஏம்மா, இங்க வா. பம்ப் ஓடல."

மருமகள் ஓடி வந்தாள். ஃபியூஸைப் பார்த்தாள், சரியாக இருந்தது. ரிலேயைத் தட்டினாள். டெஸ்டரை வைத்துப் பார்த்தாள், விளக்கு எரியவில்லை. எங்கே வைத்தாலும் எரியவில்லை. கேஸ்கெட்டார் அதற்குள் தன்னைத்தானே சந்தேகிக்க ஆரம்பித்திருந்தார். அம்புக்குறி எந்தப் பக்கம் இருந்தது, காற்று முழுசாகப் போனதா, தெர்மோஸ்டாட்டை எடுத்தோமா. மருமகள் டெஸ்டரோடு உள்ளே குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"மாமா. செவப்பு சுவிட்ச் அணைஞ்சிருக்கு."

அவள் அதைத் திருப்பினாள், சாவியையும் பாதி திருப்பினாள். பம்ப் உறுமிக்கொண்டு கிளம்பியது. விசிறியும் ஓடியது. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. இருந்தாலும் ஓடட்டும் என்று விட்டார்கள். இப்போது யாராவது உள்ளே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், ஆறியதும் அணைக்க வேண்டும். கேஸ்கெட்டார் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

மகன் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தான். நல்ல நேரம் போட்டிருக்கிறான் போல. ஆவியைப் பார்த்ததும் சிரிப்பு வடிந்தது. ஓட்டுகிறவர் சீட்டில் மெல்ல ஏறி உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தான்.

"இந்தச் சுவிட்ச உன்னை யாருடா அணைக்கச் சொன்னது?" என்றார் கேஸ்கெட்டார். கத்தக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. "சாவிய மட்டும் திருப்பினா போதும்னுதானே சொன்னோம். ஒண்ணே ஒண்ணு. அதையும் கேக்க மாட்டியா? உன்னை யார் இத அணைக்கச் சொன்னது?"

"நீங்கதாம்பா."

"நானா?"

"இறங்கித் தரையில கால் வைக்கறதுக்கு முன்னாடி செவப்பு சுவிட்ச அணைக்கணும்னு சொன்னீங்கல்ல. கை வெந்து ஆஸ்பத்திரியில இருந்தப்ப, வீட்டுக்குப் போனதும் வைக்கப் போறேன்னு சொல்லி. அதுலேருந்து ஒரு நாள்கூட மறந்ததில்லப்பா. கை தானாப் போயிடும். ஆபீஸ் வண்டியிலகூட இறங்கறப்ப கை தேடும், அங்க இருக்காது. இன்னிக்கும் தானா போயிடுச்சு."

கேஸ்கெட்டார் சுவிட்சைப் பார்த்தார். மற்ற எல்லாப் பொத்தான்களும் தூசி படிந்து கிடக்க, அது மட்டும் ஓரம் தேய்ந்து, சிவப்பு போய் வெளுத்திருந்தது. தினமும் தொட்டால்தான் அப்படித் தேயும். இத்தனை வருஷம் அந்த டேஷ்போர்டுக்குள் தலையை விட்டு வேலை செய்தவர் அவர். பார்க்கவே இல்லை.

"ஆயிரம் சொல்லியிருக்கேன்" என்றார். "கேக்கறதுக்கு உனக்கு இது ஒண்ணுதான் கெடச்சுதா?"

மகன் மீட்டரையே பார்த்துக்கொண்டு சொன்னான். "மத்ததெல்லாம் திட்டறப்ப சொன்னீங்க. இதச் சொல்றப்ப அழுதீங்க."

"அழுதேனா? நானா?"

"மருந்து மயக்கம்னு நர்ஸ் சொன்னாங்க. எனக்குத் தெரியாதா."

வெளியே நின்றிருந்த மருமகள் டெஸ்டரின் வயரைச் சுருட்டிக்கொண்டே பின்பக்கம் போய்விட்டாள். அப்பாவும் மகனும் மீட்டரின் முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பக்கத்தில் ஒருவர் இப்படி உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று என்று கேஸ்கெட்டாருக்கு நினைவில்லை. ஊரெல்லாம் ஓதிய அந்தப் பாடம் பொய் என்று தெரிந்ததில் வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. எஞ்சின் வெந்துபோன நேரத்தில் சந்தோஷப்படுகிறோமே என்று அதற்கும் வெட்கமாக இருந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நடுவுக்கு வந்து, அதற்கும் கீழே போனது. பம்ப் தானாக நின்றது.

"இப்ப அணை" என்றார். மகன் சுவிட்சை அணைத்தான். அப்புறம்தான் இரண்டு பேரும் இறங்கினார்கள்.

நன்றாக ஆறிய பிறகு கிளப்பிப் பார்த்தார்கள். எஞ்சின் ஒரு சிலிண்டரில் நொண்டியது. பின்னால் வெள்ளைப் புகை, தித்திப்பான வாடையோடு. ரேடியேட்டர் தண்ணீர் நெருப்புக்குள் போகிறது என்று அர்த்தம். கேஸ்கெட்டாருக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பட்ட காலிலேதான் படும்.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். வாசலிலேயே நின்றிருந்த மனைவி மூத்த மருமகளை ஒரு தடவை சுற்றி வந்தாள், மூன்று பேருடைய முகங்களையும் பார்த்தாள், வாயைத் திறக்காமல் உள்ளே போய்விட்டாள். அவள் கிண்டல் செய்யாததிலிருந்தே தாங்கள் எப்படி இருக்கிறோம் என்று மூவருக்கும் புரிந்தது.

பட்டறைக்குள் காரைத் தள்ளி நிறுத்தினார்கள். மருமகள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"தப்பு என்மேலதான் மாமா. யோசிச்சிருக்கணும்."

"எங்க இருந்து எடுக்கணும்னு நீ கேட்ட. நான்தான் சொன்னேன். சொன்னதும் சரிதான், இப்பவும் அதேதான் சொல்வேன். வயர் அங்கயே இருக்கட்டும்." கேஸ்கெட்டார் மகன் பக்கம் திரும்பினார். "இனிமே பம்ப் நிக்கறவரைக்கும் இவன் உள்ள உக்காந்திருப்பான். நின்னப்புறம் செவப்பு சுவிட்ச். அப்புறம்தான் கால் தரையில."

மகன் கையைத் துடைக்கிற துணியை எடுத்து மடித்துக்கொண்டே நின்றான். கேட்கப் பயந்துகொண்டே கேட்டான்.

"இதுதான் கடைசி எஞ்சின்னு சொன்னீங்களேப்பா. காயலான் கடைக்காரங்கிட்டப் பேசட்டுமா?"

கேஸ்கெட்டார் விரல்களை மடக்கிப் பார்த்தார். பாதிவரைதான் மடங்கின. சுவரில் சாய்ந்தபடியே தூங்கத் தொடங்கியிருந்த மருமகளைப் பார்த்தார். பிறகு மரப்பெட்டியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொன்னேன். நான் சொன்னத எல்லாம் நீ கேட்டிருந்தா, இவ இந்நேரம் வேற யார் வீட்டுக்கோ மருமகளாப் போயிருப்பா" என்றார். "எனக்கு இறுக்கத்தான் கையில வலு இல்ல. எதை எவ்வளவு இறுக்கணும்னு பக்கத்துல உக்காந்து சொல்லலாம். ஞாயித்துக்கிழமை ஹெட்டக் கழட்டிடுவோம். நீ கழட்டு."

"சரிப்பா" என்றான் மகன். பிறகு, சொன்னதைச் சரியாகத்தான் கேட்டோமா என்று சந்தேகம் வந்தவன்போல இன்னொரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எந்த போல்ட்லேருந்து ஆரம்பிக்கணும்பா?"

கேஸ்கெட்டார் சொல்ல ஆரம்பித்தார்.